ஐந்து சைக்கிள் தாங்கும் என்று விற்ற டெயில்கேட் பேட் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: பிக்கப் வண்டியில் மவுண்டன் பைக் ஏற்றுவதற்கான டெயில்கேட் பேட் – வண்டியின் பெயிண்டுக்கும் சைக்கிள்களுக்கும் நேர்ந்த சேதம், தவறான விளம்பரக் குறிப்பு – இழப்பீடும் திருத்தமும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். பிக்கப்பின் பின்கதவில் (டெயில்கேட்) போர்த்தி, அதன்மேல் சைக்கிள்களை ஏற்றுவதற்காக வாங்கிய தங்கள் நிறுவனத்தின் நடுத்தர அளவு டெயில்கேட் பேட் பற்றி அனுப்பிய முதல் புகாருக்கு, “இது வழக்கமான தேய்மானம், உத்தரவாதத்தில் அடங்காது” என்று இரண்டு வரியில் பதில் வந்திருக்கிறது. அந்தப் பதிலை ஏற்க முடியாது. பேட் நைந்து போயிருந்தால் அது தேய்மானம். இங்கே பேட் புதிது போலவே இருக்கிறது. தேய்ந்திருப்பது அது காப்பாற்ற வேண்டிய வண்டியும் சைக்கிளும். இதற்குக் காரணம் பயன்படுத்திய விதம் அல்ல, தயாரிப்பின் அமைப்புதான் என்பதை இந்தக் கடிதத்தில் இடம் இடமாகக் காட்டியிருக்கிறேன். இதைத் தங்கள் வடிவமைப்புப் பிரிவினரும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பேடை அவிழ்த்துவிட்டுப் பார்த்தால், டெயில்கேட்டின் மேல் விளிம்பில், சைக்கிள் ஃபிரேம் உட்காரும் ஐந்து தாங்கிகளில் இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் நேர் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருக்கிறது. நகத்தை ஓட்டினால் சொரசொரக்கிறது. கதவின் உள்பக்கம், பேடைக் கதவோடு கட்டும் கீழ்ப்பட்டைகளில் இடதுபக்கத்துப் பட்டையின் பக்கிள் உட்காரும் இடத்தில், பிறை வடிவத்தில் ஒரு பள்ளம் பிரைமர் (அடிப்பூச்சு) வரை இறங்கியிருக்கிறது. கதவின் மற்ற பகுதிகளில் ஒரு கீறல்கூட இல்லை. சேதம் பேட் தொடும் இடத்தில் மட்டும்தான்.

வண்டி பெயிண்டின் மேல் பூசப்படும் கிளியர் கோட் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் தடிமன்தான், ஒரு தலைமுடியைவிட மெல்லியது. சாலைத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மணலுக்குக் கடினத்தன்மை, 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில் 7. கிளியர் கோட்டை எளிதில் கீறிவிடும். பிக்கப் ஓடும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறைந்து ஒரு சுழல் உண்டாகிறது. டயர் கிளப்பும் தூசியை அந்தச் சுழல் இழுத்து நேராக டெயில்கேட்டின் மேல்தான் அப்புகிறது. ஆக, இந்தப் பேட் மாட்டப்படுவதே வண்டியில் அதிகம் தூசி படியும் இடத்தில். இது தெரிந்த நிறுவனம் அடிப்பக்கத்துக்கு மண்ணைப் பிடித்துவைக்காத மென்மையான துணியைக் கொடுத்திருக்கும். தங்கள் பேடின் அடிப்பக்கம் தார்ப்பாய் போன்ற முரட்டு நெசவு. அதன் கண்ணிகளில் மணல் குடியேறிவிடுகிறது. துவைத்தாலும் முழுதாக வெளியேறுவதில்லை. பேட் ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் போதும், உப்புத்தாளின் வேலையைச் செய்துவிடுகிறது.

பேட் ஏன் அசைகிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. விளம்பரத்தில் ஃபோமின் தடிமனைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். பெயிண்டைக் காப்பது ஃபோமின் தடிமன் அல்ல. கதவோடு ஒட்டி நகராமல் நிற்கும் பேட்தான் காக்கும். தங்கள் பேடில் கீழ்ப்பட்டைகள் இரண்டே, அவையும் இரண்டு ஓரங்களில். நடுவில் பட்டை இல்லாததால் அந்தப் பகுதி காற்றில் உப்பி அடித்துக்கொண்டே வருகிறது. போதாததற்குப் பட்டை நைலான். நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும். மழையில் ஓடினாலோ, சேறு கழுவிய ஈரத்தோடு சைக்கிளை ஏற்றினாலோ, கட்டும்போது விறைப்பாக இருந்த பட்டை சற்று நேரத்தில் விரல் நுழையும் அளவுக்குத் தொய்ந்துவிடுகிறது. பாலியஸ்டர் பட்டைக்கு இந்தக் குணம் மிகக் குறைவு. அதே அகலத்தில், அதே தையலில் போட்டிருக்கலாம். பக்கிள் வெறும் உலோகம். அதற்கும் கதவுக்கும் நடுவே ஒரு துண்டு துணிகூட இல்லை. பிறை வடிவப் பள்ளத்துக்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. பக்கிளை எடுத்து அந்தப் பள்ளத்தில் வைத்தால் அச்சு அசலாகப் பொருந்துகிறது, புகைப்படம் இணைத்திருக்கிறேன்.

அடுத்தது, அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் “5 மவுண்டன் பைக்” என்ற வாசகம். இதை எந்த அளவை வைத்துச் சொன்னீர்கள் என்று தெரிய வேண்டும். தங்கள் பேடில் தாங்கிகளுக்கு இடையே மையத்துக்கு மையம் 270 மி.மீ. இன்றைய மவுண்டன் பைக் பலவற்றின் ஹேண்டில்பார் 780 முதல் 800 மி.மீ. அகலம். நடுவிலிருந்து ஒரு பக்கம் 390 மி.மீ. என்றால், அது பக்கத்து சைக்கிளின் நடுக்கோட்டைத் தாண்டி இன்னும் 120 மி.மீ. உள்ளே போய் நிற்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்னித்தான் வைக்க வேண்டும். பிரேக் லீவரின் நுனி பக்கத்து ஃபிரேமின் மேல் குழாயைத் தொட்டபடி நிற்கிறது. பெடலின் கணக்கும் இதேதான். ஒரு பெடலின் வெளி விளிம்பு சைக்கிளின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 195 மி.மீ. தள்ளி இருக்கும். 270-இல் அதைக் கழித்தால் மிச்சம் 75. அந்த 75-க்குள்தான் பக்கத்து சைக்கிளின் ஃபிரேம் தடிமனும், அதன் கிராங்கும் (பெடலைத் தாங்கும் கை), வண்டி குலுங்கும்போது இரண்டும் சாயும் சாய்வும் அடங்க வேண்டும். எல்லா சைக்கிளிலும் கிராங்கை ஒரே நிலையில், வலது பெடல் முன்னோக்கி இருக்கும்படி கிடையாக வைத்தால், ஒன்றின் வலது பெடல் முன்னாலும் அடுத்ததன் இடது பெடல் பின்னாலும் விலகி நிற்கும். மோதல் ஓரளவு குறையும். இந்தச் சின்ன விஷயம்கூடத் தங்கள் கையேட்டில் இல்லை. அதிலுள்ள படத்தில் கிராங்க்குகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் நிற்கின்றன.

இதைவிடப் பெரிய கோளாறு பின்சக்கரத்தில். முன்சக்கரம் டெயில்கேட்டுக்கு வெளியே தொங்க, பின்சக்கரம் சரக்குத் தளத்தில் நிற்கிறது. தளத்தின் அகலம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. டெயில்கேட் அருகே விரிந்திருக்கும் தளம், பின்சக்கரங்கள் வந்து நிற்கும் இடத்தில் வண்டியின் சக்கர மேடுகளால் இருபுறமும் குறுகிவிடுகிறது. தங்கள் முதல் தாங்கியும் ஐந்தாம் தாங்கியும் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 540 மி.மீ. தள்ளி இருக்கின்றன. இந்த வண்டியில் சக்கர மேட்டின் உள்விளிம்பு நடுவிலிருந்து 555 மி.மீ. எஞ்சும் 15 மி.மீட்டரில் 2.4 அங்குல டயரின் பாதி அகலம்கூட அடங்காது. அந்தப் பாதியே 30 மி.மீ. ஆகவே ஓரத்துச் சைக்கிள்கள் இரண்டும் நேராக நிற்க முடியாமல் உள்பக்கம் திருகிக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் பின்சக்கரம் இரண்டாவது, நான்காவது சைக்கிள்களின் பின்சக்கரத்தை நெருக்குகிறது. பெயிண்ட் போன இடங்கள் இரண்டாவது, நான்காவது தாங்கிகளுக்குக் கீழே இருப்பது தற்செயல் அல்ல. பக்கவாட்டில் தள்ளப்படும் சைக்கிள் தன் தாங்கியையும் சேர்த்து இழுக்கிறது. மேலே சொன்ன தொய்ந்த பட்டை அதைத் தடுக்காமல் விட்டுவிடுகிறது.

நான்காவது தாங்கியில் நின்ற சைக்கிளின் ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை), உள்குழாயின் வழவழப்பான பூச்சின் மீது பக்கத்து பிரேக் லீவர் உரசி அரிசி நீளத்துக்கு ஒரு கோடு விழுந்திருக்கிறது. பார்ப்பதற்குச் சின்னதுதான். ஆனால் சஸ்பென்ஷன் ஃபோர்க்கைத் தெரிந்தவர்களுக்கு அதன் பொருள் புரியும். ஒவ்வொரு முறை ஃபோர்க் அமுங்கும்போதும் அந்தக் கீறல் ரப்பர் சீலின் உதட்டை அறுக்கும், எண்ணெய் கசியும், தூசி உள்ளே போகும். கீறலை மெருகேற்றிச் சமாளிக்க முடியாவிட்டால் அந்த உள்குழாய் அடங்கிய ஃபோர்க்கின் மேல்பகுதித் தொகுப்பையே மாற்ற வேண்டும்.

தாங்கியின் பட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு தாங்கிக்கு 25 மி.மீ. அகல வெல்க்ரோ பட்டை ஒன்றே ஒன்று. ஃபிரேமின் கீழ்ச்சாய்வுக் குழாயான டவுன் ட்யூபை ஒரே இடத்தில் பிடித்தால், சைக்கிள் அந்தப் புள்ளியைச் சுற்றி ஆடத்தான் செய்யும். வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கும்போது பின்சக்கரம் தளத்திலிருந்து எம்பி விழுகிறது. ஒவ்வொரு எம்பலிலும் டவுன் ட்யூப் பேடின் மேல் ரம்பம்போல முன்னும் பின்னும் இழுபடுகிறது. வெல்க்ரோவின் கொக்கிகளுக்குள் சேறு காய்ந்து அடைத்துக்கொண்டால் பிடிப்பு பாதியாகிவிடும். மவுண்டன் பைக் என்றால் சேறு இருக்கத்தான் செய்யும். ஒரு தாங்கிக்கு இரண்டு பட்டைகள், அவையும் பட்டையை அழுத்திப் பிடிக்கும் கேம் பக்கிளோடு, முனையில் பெட்டி வடிவக் குறுக்குத் தையலோடு வேண்டும். பின்சக்கரத்தைத் தளத்தின் கொக்கி வளையத்தோடு கட்ட ஒரு நீளப் பட்டையும் பெட்டியிலேயே இருக்க வேண்டும். அந்தப் பட்டையை ரிம்மைச் சுற்றிக் கட்ட வேண்டும், ஆரக்கம்பியில் இழுவை விழக்கூடாது, நெம்புபிடியால் இறுக்கும் ராட்செட் போட்டு முறுக்கக்கூடாது என்பதையும் கையேட்டில் எழுத வேண்டும். ராட்செட்டின் இழுவையில் பேடின் மேல் அழுந்தும் கார்பன் ஃபிரேம் நசுங்கிவிடும் என்ற அச்சத்தை மிகை என்று யாரும் தள்ளிவிட முடியாது.

ஃபிரேமுக்கு வெளியே ஓடும் ஹைட்ராலிக் பிரேக் குழாய் பல சைக்கிள்களில் டவுன் ட்யூபின் அடிவழியாகவே போகிறது. தங்கள் தாங்கி தட்டையானது. குழாய் நேராக ஃபிரேமுக்கும் ஃபோமுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு தேய்கிறது. தாங்கியின் நடுவே விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் விட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. மின்சார மவுண்டன் பைக்கின் நிலை இன்னும் மோசம். பேட்டரி டவுன் ட்யூபுக்குள் இருக்கும். பல மாடல்களில் அதன் பிளாஸ்டிக் மூடி அடிப்பக்கத்தில், கிளிப்பில் நிற்கும். சைக்கிளின் எடை முழுதும் அந்த மூடியின் மேல் இறங்குகிறது. 22 முதல் 25 கிலோ எடையுள்ள அத்தகைய சைக்கிளின் பருத்த குழாயைச் சுற்றிவரத் தங்கள் பட்டைக்கு நீளமும் போதவில்லை. நுனியில் இரண்டு விரல் அளவே ஒட்டுகிறது. அப்படியிருக்க, “எல்லா வகை சைக்கிளுக்கும்” என்று அச்சிட்டது சரியல்ல. ஒரு தாங்கிக்கு எவ்வளவு எடை, மொத்தப் பேடுக்கு எவ்வளவு, பேட்டரியைக் கழற்ற வேண்டுமா என்ற மூன்றும் பெட்டியின் மேலேயே இருக்க வேண்டிய தகவல்கள். ஒன்றுகூட இல்லை.

ரிவர்ஸ் கேமராவுக்காக விட்டிருக்கும் சாளரம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் நடுத் தாங்கியில் சைக்கிள் ஏற்றினால் அதன் முன்சக்கரம் கேமராவுக்கு நேராகத் தொங்குகிறது. கேமரா வேண்டுமென்றால் நடுத் தாங்கி காலியாக இருக்க வேண்டும். அப்போதே ஐந்து நான்காகிவிட்டது.

பேடை மாட்டும் முறை தங்கள் கையேட்டில் அரைப் பக்கம்தான். அதில் இருக்க வேண்டியது இது: முதலில் டெயில்கேட்டை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் இன்னொரு முறை துடைக்க வேண்டும். பேட் தொடும் மேல் விளிம்பிலும் பக்கிள் உட்காரும் இடங்களிலும் ஒளி ஊடுருவும் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்ட வேண்டும். கதவைப் பாதி திறந்த நிலையில் பேடைப் போர்த்தி, கீழ்ப்பட்டைகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி இறுக்கி, கதவை மூடிய பிறகு தளர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டிய பின் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும், மழை பெய்தால் கட்டாயம். வேலை முடிந்ததும் பேடைக் கழற்றிவிட வேண்டும். ஈரத்தோடு விட்டுவைத்தால் அடியில் தண்ணீர் தேங்கி, வெயிலில் பெயிண்ட் மங்கித் தடம் விழும். இவற்றில் “கீழ்ப்பட்டையை இறுக்கவும்” என்ற ஒரு வரியைத் தவிர வேறெதுவும் தங்கள் கையேட்டில் இல்லை. எப்படி மாட்ட வேண்டும் என்பதையே எழுதாமல் விட்டுவிட்டு, தேய்மானம் என்று சொல்லி உத்தரவாதத்தை மறுப்பது நியாயமாகாது.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். பேடைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் தர வேண்டும். டெயில்கேட்டின் மேல் விளிம்புக்கும் உள்பக்கப் பள்ளத்துக்கும் பெயிண்ட் சரிசெய்யும் செலவையும், ஃபோர்க் பழுதுக்கான செலவையும் ஏற்க வேண்டும். இரண்டுக்கும் பட்டறை கொடுத்த மதிப்பீட்டை இணைத்திருக்கிறேன். இனி விற்கும் பெட்டிகளில், இந்த அளவு பேடுக்கு “5” என்பதை “4” என்று மாற்றி, எடை வரம்பை அச்சிட வேண்டும். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு நடுவில் மாட்டும் மூன்றாவது கீழ்ப்பட்டையையும் பக்கிள் உறைகளையும் இலவசமாக அனுப்ப வேண்டும். தைப்பதற்கு எளிமையான சாமான்கள்தான். அனுப்பினால் பல வண்டிகளின் பெயிண்ட் தப்பும்.

ரசீதின் நகல், அளவு நாடாவோடு எடுத்த படங்கள், தங்கள் முந்தைய பதிலின் நகல் ஆகியவற்றையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். பேட் இப்போது கழுவாமல் அப்படியே வைக்கப்பட்டிருக்கிறது. தங்கள் ஆள் வந்து அடித்துணியில் இருக்கும் மணலைப் பார்த்துக்கொள்ளலாம். கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வர வேண்டும். வராவிட்டால் இதே ஆவணங்களோடு நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிடம் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்