பட்டியல் விலைக்கு மேல் வாங்கும் பணத்துக்கு ரசீது எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஹோண்டா சிவிக் டைப் ஆர், டொயோட்டா ஜிஆர் யாரிஸ், ஜிஆர் கொரோலா போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் பட்டியல் விலைக்கு மேல் பல்லாயிரம் ரிங்கிட் கேட்பது ஊரறிந்த விஷயம். இது கோலாலம்பூர்ப் பணக்காரர்களின் கவலை, நமக்கென்ன என்று ஒதுங்கிவிட முடியாது. சுங்கை சிப்புட்டிலும் சுற்றுத் தோட்டங்களிலும் வளர்ந்து, சிங்கப்பூரிலும் பினாங்குத் தொழிற்சாலைகளிலும் உழைத்துச் சேர்த்த பிள்ளைகள் ஈப்போ ஷோரூம்களில் இந்தக் கார்களுக்குப் பணம் கட்டுகிறார்கள். சில வீடுகளில் அப்பாவின் இபிஎஃப் பணமும் சேர்ந்து போகிறது. கூடுதல் விலை கேட்பதைவிட, அந்தக் கூடுதல் பணம் எந்தத் தாளிலும் ஏறாமல் கைமாறுவதுதான் பெரிய கேடு. அதைப் பற்றியே இந்தக் கடிதம்.

முதலில் தட்டுப்பாடு. அது பொய்யில்லை. இப்போதைய டைப் ஆர் ஜப்பானின் யோரி தொழிற்சாலையில் மட்டும் தயாராகிறது. ஜிஆர் யாரிஸ் மோட்டோமாச்சி ஆலையில், வழக்கமான கன்வேயர் வரிசை இல்லாத தனிப் பிரிவில், பெரும்பாலும் கைவேலையாகப் பொருத்தப்படுகிறது. நம் நாட்டுக்கு முழு வண்டியாகவே இறக்குமதியாகும் இவற்றில் ஒவ்வொரு விற்பனையாளருக்கும் கிடைக்கும் பங்கு மிகக் குறைவு. "தம்பி, ரெண்டு வருஷம் காத்திருக்கணும். ஒருத்தர் கேன்சல் பண்ணின யூனிட் ஒன்னு இருக்கு, மேல அம்பதாயிரம் போட்டா அடுத்த வாரமே உங்களுக்கு" என்று சேல்ஸ்மேன் சொல்வதற்கு இடம் கொடுப்பது இதுதான்.

விலைத் தாளை வாசிக்கத் தெரிந்தால் பாதி ஏமாற்று அங்கேயே நின்றுவிடும். டைப் ஆர் 2023இல் இங்கு அறிமுகமானபோது அறிவித்த விலை 399,900 ரிங்கிட், காப்புறுதி நீங்கலாக. கலால் வரி, 10 விழுக்காடு விற்பனை வரி, பதிவுக் கட்டணம், சாலை வரி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே நியாயமாக மேலே சேரக்கூடிய பெரிய தொகை காப்புறுதி ஒன்றுதான். அதற்குக் காப்புறுதி நிறுவனத்தின் தாளே தனியாக வரும். பிரீமியத்தின் மீது 8 விழுக்காடு சேவை வரி போட்டிருப்பார்கள். "ரோட் டாக்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் சேர்த்து" என்று யாராவது ஆயிரக்கணக்கில் கூட்டினால் நம்பாதீர்கள். தீபகற்பத்தில் 1,996 சிசி தனியார் காருக்கு ஓராண்டுச் சாலை வரி 378 ரிங்கிட். 1,618 சிசி ஜிஆர் யாரிசுக்கு 207 ரிங்கிட் 20 சென். ஒப்பிடும்போது நிறுவனத்தின் அதிகாரப்பூர்வத் தளத்தில் உள்ள தீபகற்ப விலையைப் பாருங்கள். லங்காவி, லாபுவான், சபா, சரவாக் விலைகள் வேறு.

கூடுதல் பணம் பல வேடத்தில் வருகிறது. வெளிப்படையானது கையில் கொடுக்கும் ரொக்கம். நம் ஊரில் அதைக் 'கோப்பி காசு' என்பார்கள். அடுத்தது பேக்கேஜ். கோட்டிங், டின்ட், டேஷ்கேம், கால்மிதி, பாடிகிட் என்று ஐந்தாறு பொருளை எழுதி, கடைசியில் ஒரே தொகையாக 35,000 ரிங்கிட் என்று போட்டிருக்கும். எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதச் சொன்னால் பேனா நகராது. அதே பொருள்களுக்கு வெளியே ஒரு துணைப்பொருள் கடையில் விலை கேட்டு வந்தாலே, பொருளுக்கு எவ்வளவு, வரிசையைத் தாண்டுவதற்கு எவ்வளவு என்பது தெரிந்துவிடும். பேக்கேஜில் வரும் டின்டையும் சோதியுங்கள். 2019 முதல் உள்ள விதிப்படி முன்கண்ணாடியில் 70 விழுக்காடு, முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளில் 50 விழுக்காடு வெளிச்சம் ஊடுருவ வேண்டும். அதைவிடக் கறுப்பாக ஒட்டிக் கொடுத்தால் சம்மன் வருவது உங்கள் பெயருக்குத்தான்.

மூன்றாவது வழி மோசமானது. காரை விற்பனையாளரோ அவருக்கு வேண்டியவரோ தம் பெயரில் முதலில் பதிந்துகொள்வார். பிறகு 50 கிலோமீட்டர்கூட ஓடாத அந்தக் கார் 'பழைய கார்' என்று பட்டியல் விலையைவிடக் கூடுதலாக விற்பனைக்கு வரும். பார்க்கப் புதுசு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரித்திருக்காது. ஆனால் கிரானில், அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழில், நீங்கள் இரண்டாவது உரிமையாளர். உத்தரவாதம் முதல் பதிவு தேதியிலிருந்தே ஓடத் தொடங்கியிருக்கும். பெயர் மாற்ற பி5 சோதனை, கடன் எடுத்தால் பி7 சோதனை என்று புஸ்பாகோம் வாகனச் சோதனை நிலையச் செலவும் அலைச்சலும் உங்கள் தலையில் விழும். எல்லாவற்றுக்கும் மேல், வங்கி இதைப் பழைய காராகவே பார்க்கும். வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 விழுக்காடு முன்பணம் போக 359,910 ரிங்கிட் கடன், 9 ஆண்டு. புதுக் காருக்கு நிலையான வட்டி (தொடக்கக் கடன் தொகை முழுவதற்கும் ஆண்டுதோறும் போடும் வட்டி) 2.5 விழுக்காடு என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 4,082 ரிங்கிட். பழைய கார் என்பதால் அதே கடன் 3.5 விழுக்காட்டுக்குப் போனால் 4,382 ரிங்கிட். மாதம் 300 ரிங்கிட் கூடுதல். 9 ஆண்டு முடிவில் 32,000 ரிங்கிட்டுக்கு மேல். பெயர் மாற்றிய யூனிட்டுக்குக் கொடுத்த கூடுதல் விலை இதில் சேரவில்லை.

ரசீதில்லாத பணம் எங்கெல்லாம் காணாமல் போகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 399,900 ரிங்கிட் காருக்கு 450,000 கொடுத்தீர்கள், இன்வாய்சில் 399,900தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கி இன்வாய்ஸ் விலைக்குத்தான் கடன் தரும்; மீதி 50,100 முழுக்கக் கைக்காசு. கார் திருட்டுப் போனால் காப்புறுதித் தொகைக்கு மேல் ஒரு சென் வராது. சின்ன விபத்திலும் அடி உண்டு. சந்தையில் அந்தக் கார் உண்மையாகவே 450,000க்குப் போகிறது, நீங்கள் 399,900க்கு மட்டுமே காப்புறுதி எடுத்திருக்கிறீர்கள் என்றால், குறைவு 10 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அப்போது காப்புறுதி நிறுவனம் விகிதப்படி கழித்துத்தான் கொடுக்கும். 30,000 ரிங்கிட் பழுதுச் செலவுக்கு 26,660 வரும், மீதி 3,340 உங்கள் கையிலிருந்து. இதைத் தவிர்க்க, காரின் மதிப்பை முன்கூட்டியே பேசி முடிவு செய்யும் 'ஒப்புக்கொண்ட மதிப்பு' முறையில் பாலிசி கேளுங்கள். எந்த மதிப்பில் போடுகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

"கவலைப்படாதீங்க, மேல் பணத்தையும் லோன்ல சேர்த்துடலாம்" என்று இன்வாய்ஸ் விலையைக் கூட்டி எழுதிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். முன்பணம் கட்டியதாகக் காட்டிவிட்டுக் கட்டாமல் விடுவது இதன் உடன்பிறப்பு. 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி ரொக்க விலையில் குறைந்தது 10 விழுக்காடு முன்பணம் கட்டியே ஆக வேண்டும். பொய்த் தாளில் கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள். விவகாரம் வெடித்தால் சேல்ஸ்மேன் வேறு ஷோரூமுக்கு மாறியிருப்பார்.

ஆகவே புக்கிங் செய்யும்போதே கறாராக இருங்கள். விற்பனை ஆர்டர் தாளில் காரின் விலை, காப்புறுதி, ஒவ்வொரு துணைப்பொருளின் விலை எல்லாம் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். யூனிட் வந்துவிட்டது என்று சொன்னால் சேஸ்ஸிஸ் எண்ணை எழுதச் சொல்லுங்கள். எண் தர முடியாத யூனிட் இன்னும் அவர் கைக்கு வரவில்லை. கடனில் வாங்குகிறவரிடம், கடன் அனுமதி கிடைக்கும் முன் ரொக்க விலையில் 1 விழுக்காட்டுக்கு மேல் புக்கிங் பணம் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. 399,900 ரிங்கிட் டைப் ஆர் என்றால் 3,999 ரிங்கிட். அதையும் நிறுவனத்தின் கணக்கில் மட்டும் கட்டுங்கள். சேல்ஸ்மேனின் சொந்தக் கணக்கு எண்ணைக் கொடுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில் என்பதும் அதே தாளில் வேண்டும். ஈப்போவில் மறுத்தால் பினாங்கு, கோலாலம்பூர், ஜொகூர் பாரு விற்பனையாளர்களிடமும் பெயர் கொடுங்கள்.

ரீகண்டிஷன் கார் பற்றி இரண்டு வரி. ஜப்பானிலிருந்து ஏபி எனும் இறக்குமதி அனுமதி வழி வரும் 1 முதல் 5 வயதுள்ள காருக்குப் பட்டியல் விலை என்று ஒன்று கிடையாது. பேசிய விலைதான் விலை. கிரானில் 'இம்போர்ட் தெர்பாக்காய்' (இறக்குமதியான பழைய கார்) என்று இருக்கிறதா, தயாரிப்பு ஆண்டு என்ன என்று பார்த்துவிட்டு, ஜப்பானிய ஏலத்தில் காரின் நிலையைக் குறித்துக் கொடுத்த ஏலத் தாளைக் கேளுங்கள்.

"இது திறந்த சந்தை, விருப்பமுள்ளவர் வாங்குகிறார்" என்பது விற்பனையாளர் தரப்பு வாதம். சரி, 450,000தான் உங்கள் விலை என்றால் 450,000 என்றே இன்வாய்ஸ் கொடுங்கள். அந்த விலையை ஷோரூமில் காருக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். வாங்குகிறவர் அறிந்து முடிவெடுக்கட்டும். அந்த லாபத்துக்கு வருமான வரியும் கட்டப்படட்டும். 2024 ஆகஸ்டு முதல் கட்டங்கட்டமாக வந்துள்ள மின்-இன்வாய்ஸ் முறையில் வாகன விற்பனையை மொத்தமாகச் சேர்த்துக் காட்ட அனுமதி இல்லை. வாங்குபவர் ஒவ்வொருவருக்கும் தனி இன்வாய்ஸ். அதைக் கேட்டு வாங்குவது வாடிக்கையாளரின் உரிமை. தர மறுக்கும் தொகைக்குப் பெயர் விலை அல்ல.

தயாரிப்பு நிறுவனங்களும் கைகழுவக் கூடாது. ஜப்பானில் 2022இல் ஜிஆர் கொரோலாவின் 500 ஆர்இசட் கார்களையும் 70 மோரிசோ பதிப்புகளையும் டொயோட்டா குலுக்கல் முறையில் விற்றது. லேண்ட் குரூசர் 300 வாங்குகிறவர்களிடம் ஓராண்டுக்கு மறுவிற்பனை செய்வதில்லை என்று எழுதி வாங்கினார்கள். அமெரிக்காவில் ஃபோர்டு தன் ஜிடி காருக்கு விண்ணப்பம் வாங்கி ஆளைத் தேர்ந்தெடுத்தது. இரண்டாண்டுக்குள் விற்றதற்காக மல்யுத்த வீரர் ஜான் சீனா மீதே 2017இல் வழக்குப் போட்டது. இங்கும் செய்யலாம். எத்தனை கார் வருகிறது என்று அறிவித்து, ஒரு மைகார்டுக்கு (அடையாள அட்டைக்கு) ஒரு விண்ணப்பம் என்று குலுக்கல் நடத்தட்டும். குலுக்கலில் கிடைத்த காரைப் பதிவுக்குப் பின் ஓராண்டு விற்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதட்டும். விற்பனையாளர் தம் பெயரிலேயே பதிந்து விற்கும் தந்திரம் அத்தோடு படுத்துவிடும். உள்நாட்டு வாணிப அமைச்சு விளம்பர விலையையும் கையில் வாங்கும் விலையையும் ஒப்பிட்டு, ஷோரூம்களில் திடீர்ச் சோதனை நடத்த வேண்டும்.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். வங்கிப் பரிமாற்றச் சீட்டு, பேக்கேஜ் தாள், விற்பனை ஆர்டர் எல்லாவற்றையும் நகலெடுத்து வையுங்கள். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளுக்கு 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் விசாரிக்கும். படிவம் 1ஐ நிரப்பி 5 ரிங்கிட் கட்டினால் போதும். வழக்கறிஞர் வேண்டாம், இணையம் வழியும் பதியலாம். கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும்.

இப்படிக்கு,
வாகனக் கடன், காப்புறுதித் துறை வாசகர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.