வைண்டிங் நோட்டும் உன் மகனும்

மதுரை,
வைகாசி 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. திருவிழாவில் அடைத்த கடையைத் திறந்ததும் வேலை குவிந்துவிட்டது, அதனால்தான் பதில் எழுதத் தாமதம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மொட்டை மாடியில் நின்று தெற்குக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்து, "இத்தனை பொம்மை இருக்காடா அதுல?" என்று கேட்கிறாள். உன் முழங்கால் வலிக்கு டாக்டர் சொன்ன பயிற்சியை விடாமல் செய். அதை நாலு நாளில் விட்டுவிடுகிற ஆள் நீ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மகன் மூன்று மாதம் ராத்திரி தூங்காமல் உட்கார்ந்து செய்த மோட்டார் கன்ட்ரோலரை, சர்க்யூட் படம், புரோகிராம் என்று ஒன்று விடாமல் இன்டர்நெட்டில் போட்டு ஊருக்கே தூக்கிக் கொடுத்துவிட்டான், பிழைக்கத் தெரியாதவனாக இருக்கிறான், நீ சொன்னால் கேட்பான் என்று எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளை, நான் அவனிடம் எதுவும் சொல்லப் போவதில்லை. உன்னிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பெட்டியை அவன் முதன்முதலில் பிரித்ததே என் கடை பெஞ்சில்தான், பொங்கலுக்கு வந்திருந்தபோது. மேல்தொட்டி மோட்டாரை செல்போனிலேயே போட்டு நிறுத்துகிற கன்ட்ரோலர். விற்ற கம்பெனி ஆப்பை நிறுத்திவிட்டது. ரிலே நன்றாக இருக்கிறது, போர்டு நன்றாக இருக்கிறது, பெட்டி மட்டும் யார் சொன்னாலும் கேட்காது. அப்படி மூன்று பெட்டிகள் என் பரணில் கிடந்தன. ஒன்றை எடுத்து ஸ்குரூவைக் கழற்றினான். போர்டின் ஓரத்தில் குண்டூசித் தலை அளவில் நான்கு ஓட்டைகள். அதில் ஒயர் வைப்பதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கி, தன் மடியிலேயே வைத்துக்கொண்டான். "இந்த போர்டுல மெயின் லைனும் சிக்னலும் தனித்தனியா பிரிஞ்சிருக்காது மாமா. லைன் இருக்கும்போது கம்ப்யூட்டரை மாட்டினா கம்ப்யூட்டரும் போயிடும், ஆளும் போயிடலாம்" என்றான். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். முன்னால் செய்து பார்த்தவர்கள் இன்டர்நெட்டில் எழுதி வைத்திருக்கிறார்களாம்.

கம்ப்யூட்டரிலிருந்தே 3.3 வோல்ட் கொடுத்தான். திரையில் வெறும் கிறுக்கல் ஓடியது. கம்ப்யூட்டர் போர்டிலிருந்து எழுத்தை வாங்கும் வேகத்தை 74880 என்று மாற்றினான், கிறுக்கல் எழுத்தாக மாறி வரி வரியாக வந்தது. அதென்ன 74880, யார் இப்படி ஒரு எண்ணை யோசிப்பார்கள் என்றேன். அதையும் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பின்னை கிரவுண்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கரன்ட் கொடுத்தால்தான் போர்டில் இருக்கும் சிப் புது புரோகிராமை ஏற்கும். அதுவும் யாரோ சொன்னதுதான். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு போர்டையோ ரெண்டு போர்டையோ கருக்கிக் கண்டுபிடித்த ஆள் ஒருவர் இருந்திருப்பார். உன் மகன் ஒரு போர்டைக்கூடக் கருக்கவில்லை. இதை நீ கணக்கில் எடுக்கவே இல்லை.

அந்தப் பெட்டிக்குள் அவன் ஏற்றியது டாஸ்மோட்டா என்கிற புரோகிராம். தியோ அரென்ட்ஸ் என்பவர் சோனாஃப் என்கிற வைஃபை சுவிட்சுகளுக்காக எழுத ஆரம்பித்தது. அவர் பெயரின் எழுத்துகளே அதன் பெயரில் இருக்கின்றன: தியோ அரென்ட்ஸ் சோனாஃப் எம்க்யூடிடி ஓடிஏ. கடைசி ரெண்டும், கருவிகள் செய்தி அனுப்பும் முறைக்கும் ஒயர் இல்லாமல் புரோகிராமைப் புதுப்பிக்கும் முறைக்கும் பெயர். அழகர் வண்டியூர் போகும் வழியில் எத்தனை மண்டகப்படி! ஒவ்வொன்றும் இன்னார் மண்டகப்படி என்று தலைமுறை தலைமுறையாகப் பெயர் சொல்லித்தானே நிற்கிறது? செலவு செய்கிற குடும்பத்துக்கு அந்தப் பெயர் போதும். இந்தப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். வேலை தெரிந்த நாலு பேர் பார்த்துவிட்டு, இதை இன்னான் செய்தான் என்று சொல்வது சின்ன விஷயமில்லை.

நாம் வேலை பழகிய இடத்தை நினைத்துப் பார். சிம்மக்கல் பட்டறையில் மாஸ்டர் எரிந்த மோட்டாரைப் பிரித்தால், கம்பிச் சுருளான காயிலில் சுற்று எண்ணும்போது நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார். கம்பியின் கனம், அதாவது கேஜ், எத்தனை என்று கேட்டால், "அதெல்லாம் அப்புறம்" என்பார். அந்த 'அப்புறம்' நமக்கு நாலு வருஷம் வரவில்லை. டீ வாங்கி வந்தோம், வார்னிஷ் அடித்தோம், ஸ்லாட்டில் பேப்பர் சொருகினோம். அவர் காலமான பிறகு, எல்லாக் கணக்கும் குறித்து வைத்திருந்த அவருடைய வைண்டிங் நோட்டு எங்கே போனது என்று அவர் வீட்டிலேயே யாருக்கும் தெரியவில்லை. முப்பது வருஷத்து டேட்டா. எத்தனையோ மோட்டாருக்கு நாம் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியிருந்தது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு அதுதான் பிழைப்பு. ஆனால் அன்றைக்கு ராத்திரி மாரியம்மன் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து நீ என்ன சொன்னாய் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாம் ரெண்டு பேரும் ஆளுக்கொரு நோட்டு போடுவோம், கேட்கிறவனுக்குச் சொல்லுவோம் என்றாய்.

சொன்னபடியே செய்தாய். மேலூரில் ஒரு 5 ஹெச்பி சப்மெர்சிபிள் எரிந்து, காயிலை எவனோ ஏற்கனவே வெட்டி எறிந்துவிட்டிருந்தான். நெல் காய்ந்துகொண்டிருந்தது. நான் உனக்குப் போன் போட்டேன். சாப்பாட்டுக் கையோடு எழுந்து போய் நோட்டைப் பிரித்து, சுற்று, பிட்ச் (காயிலின் ஸ்லாட் இடைவெளி), கேஜ் மூன்றையும் வாசித்தாய். எத்தனை ரூபாய் தருவாய் என்று கேட்டாயா? பிறகு நான் ஒரு சுற்று கூட்டிப் போட்டால் சூடு குறைகிறது என்று சொன்னபோது அதையும் உன் நோட்டில் திருத்திக்கொண்டாய். உன் மகன் செய்திருப்பது இதுதான் மாப்பிள்ளை. உனக்குப் போன் போட்டது நான் ஒருத்தன். அவனுக்குப் போன் போடுகிறவர்கள் நூறு ஊரில் இருக்கிறார்கள்.

எவனாவது அதை எடுத்து விற்றுக் காசு பார்த்துவிட்டால் என்று பயப்படுகிறாய். அதற்கு ஏற்கனவே வழி செய்து வைத்திருக்கிறார்கள். டாஸ்மோட்டாவுக்கு ஜிபிஎல் என்ற உரிமம். அதை எடுத்துப் பெட்டியில் போட்டு விற்கலாம், தடையில்லை. ஆனால் வாங்குகிறவன் கேட்டால் தான் திருத்தியது உட்பட மூல நிரலை, அதாவது புரோகிராமை எழுதிய வரிகளை, கொடுத்தாக வேண்டும். இது ஏட்டில் மட்டும் இருக்கிற சட்டமில்லை. லிங்க்சிஸ் கம்பெனியின் டபிள்யூஆர்டி54ஜி என்று ஒரு ரௌட்டர் வந்தது. உள்ளே ஓடுவது லினக்ஸ் என்கிற பொதுப் புரோகிராம் என்று 2003-ல் சிலர் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அதுவும் இதே உரிமம்தான். கேட்டுக் கேட்டு, கடைசியில் கம்பெனி நிரலை வெளியிட்டது. அதிலிருந்து 2004-ல் ஓபன்டபிள்யூஆர்டி என்கிற ரௌட்டர் புரோகிராம் பிறந்தது. என் கடை ரௌட்டரில் இன்றைக்கு ஓடுவது அதுதான். செய்த கம்பெனி கைவிட்டு வருஷக்கணக்காகிறது, பெட்டி இன்னும் உயிரோடு இருக்கிறது.

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும், நீயும் ஒரு தகப்பன். அமெரிக்காவில் ஜான் காஸ்டிக் என்பவரின் மகனுக்கு 2012-ல், நாலு வயதில், டைப் 1 சர்க்கரை நோய். உடம்பில் ஒட்டிய சென்சார் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவு சொல்லும், ஆனால் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டியில் மட்டும்தான் தெரியும். பிள்ளை பள்ளிக்கூடத்தில், தகப்பன் வேலையில். அவர் அந்தப் பெட்டியை ஒரு போனோடு இணைத்து, அளவு தன் கைக்கே வரும்படி செய்துவிட்டார். மற்ற பெற்றோர் கேட்டார்கள், கொடுத்தார். நைட்ஸ்கவுட் என்று அது வளர்ந்தது. அதே நோயுள்ள டேனா லூயிஸ் என்ற பெண்ணுக்கு வேறு குறை: சென்சாரின் அலாரச் சத்தம் அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பவில்லை. அதைச் சத்தமாக்கப் போய், கடைசியில் இன்சுலின் பம்பே தானாக அளவைக் கூட்டிக் குறைக்கும்படி செய்து, 2015-ல் ஓபன்ஏபிஎஸ் என்று எல்லோருக்கும் திறந்துவிட்டார். விற்க நினைத்திருந்தால் மருத்துவக் கருவிக்கான அனுமதிக்கே வருஷங்கள் போயிருக்கும். செய்முறையாகக் கொடுத்ததால் வேண்டியவர்கள் தாங்களே தங்களுக்குச் செய்துகொண்டார்கள். அதே வழியில் நோயாளிகள் வளர்த்தெடுத்த லூப் என்ற புரோகிராமின் ஒரு வடிவத்துக்கு 2023 ஜனவரியில் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது.

அந்தத் தகப்பன் ராத்திரி நிம்மதியாகத் தூங்கிய அன்றைக்கே அவருக்குக் கூலி வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் அதே நோய் என்று தெரிந்த பிறகு எப்படி ஒளித்து வைப்பது?

எல்லோரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். கருவிகளில் கம்பெனி போட்ட பூட்டை உடைக்கும் சிப்பை விற்றுப் பிழைக்கிறவர்கள் உண்டு. உன் மகனும் சம்பாதிக்க வேண்டும்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆப்பிளின் ஸ்டீவ் வாஸ்னியாக் 1976-ல் ஆப்பிள்-1 கம்ப்யூட்டரின் சர்க்யூட் படத்தை நண்பர்களுக்குச் சும்மா கொடுத்தார், பிறகு போர்டாக விற்கவும் செய்தார். படத்தைப் பார்த்து எல்லோராலும் பற்றவைக்க முடியாதே. உன் மகனும் பெட்டியை மாட்டிக் கொடுத்து, ரிப்பேர் பார்த்து, உத்தரவாதம் கொடுத்துக் கூலி வாங்கட்டும். என் கடையிலேயே இந்த மாதம் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். ஆனால் வெளியில் வைத்ததைத் திரும்ப எடு என்று மட்டும் சொல்லாதே.

அவன் புதிதாகச் சேர்த்திருக்கும் ட்ரை ரன் பகுதியைப் பார்த்தாயா? கீழ்த்தொட்டியில் (சம்ப்) தண்ணீர் தீர்ந்தால் மோட்டார் இழுக்கும் ஆம்ப்ஸ் இறங்கும். அதைப் பார்த்து மோட்டாரை நிறுத்துகிறது, வைண்டிங் தப்பிக்கிறது. எந்த மோட்டாருக்கு எவ்வளவு இறங்கும் என்பதில்தான் திணறுகிறான். போன வாரம் போனில் என்னைக் கேட்டான். என்னிடம் அரை ஹெச்பிக்கு மட்டும்தான் இருந்தது, சொன்னேன். ஒன்று, ஒன்றரை, ரெண்டு ஹெச்பிக்கு நீ லோடோடும் லோடு இல்லாமலும் அளந்து குறித்து வைத்திருக்கிறாய், பச்சை அட்டை நோட்டில். நீ கோபமாக இருக்கிறாய் என்று அவன் உன்னிடம் கேட்கவில்லை. எடுத்துக் கொடு.

ஆடியில் வருகிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை