கண்டோனீஸ் நகைச்சுவையைக் கண்டோனீஸிலேயே ஒளிபரப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இவ்வாண்டு சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள் விடுமுறையன்று, மலேசியாவின் ஈப்போ நகரில், புந்தோங்கில் உள்ள எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையினரும் ஒன்றாக அமர்ந்து, 1992-இல் வெளிவந்த ‘ஆல்ஸ் வெல், எண்ட்ஸ் வெல்’ என்னும் ஹாங்காங்கின் கண்டோனீஸ் மொழி நகைச்சுவைப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கத் தொடங்கினோம். பக்கத்து வீட்டிலிருந்து வந்த ஆரஞ்சுப் பழங்களும் குவாச்சி என்னும் உலர்த்திய தர்பூசணி விதைகளும் நடுவில் இருந்தன. படமும் நாங்கள் பலமுறை பார்த்துச் சிரித்த படம். ஆனால் என் தாயார் கால் மணி நேரம் ஆவதற்குள், “இவர்கள் என்னதான் பேசுகிறார்கள்?” என்று கேட்டுவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். நாற்பது ஆண்டுகள் சந்தையில் காய்கறி விற்றுக் கண்டோனீஸ் மொழியைப் பிழையின்றிப் பேசும் அவருக்கு, அந்த நிலையம் படத்தைச் சீனாவின் பொதுமொழியான மண்டரின் குரலில் ஒளிபரப்பியதால் ஒன்றும் விளங்கவில்லை.

சீனப் படம் எந்தச் சீன மொழியில் ஓடினால் தமிழருக்கு என்ன என்று சிலர் கேட்கக்கூடும். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயலம்பங்களுக்கு (ஈயச் சுரங்கங்களுக்கு) வந்து சேர்ந்த கண்டோனீஸ், ஹக்கா என்னும் சீன மக்களால் உருவான நகரம் ஈப்போ. அவர்களோடு ஒரே சந்தையிலும் ஒரே வரிசை வீடுகளிலும் வாழ்ந்த தமிழர்களில் பலர் கற்றுக்கொண்ட சீன மொழி கண்டோனீஸே. எங்கள் தெருவில் பெருநாள் பலகாரத் தட்டுகள் கைமாறிய காலத்தில், பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் வரவேற்பறையில் தரையில் அமர்ந்து இப்படங்களைப் பார்த்துத்தான் நாங்களும் அம்மொழியின் வசைகளையும் கேலிகளையும் (வசைகளையே முதலில்) கற்றோம். எனவே இது எங்கள் விடுமுறையும்தான்.

புத்தாண்டுக்கென்றே எடுக்கப்படும் இவ்வகைப் படங்களுக்கு ஹாங்காங்கில் ஓர் இலக்கணம் உண்டு. கதையின் நடுவில் ஒரு குடும்பம் இருக்கும். சண்டை, பொறாமை, காதல், பணத்தாசை எல்லாம் வந்து போகும். யாரும் மாளாமல் எல்லாரும் ஒரே கூரையின்கீழ்த் திரும்புவார்கள். இறுதியில் நடிகர்கள் நம்மை நோக்கித் திரும்பிக் கைகூப்பிப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்வதும் வழக்கம். நான் குறிப்பிட்ட படம் பெற்றோருடன் ஒரே வீட்டில் வாழும் மூன்று சகோதரர்களின் கதையாகும். மூத்தவர் மனைவியைப் புறக்கணித்து வேறொருத்தியை நாடுகிறார். ஒரு தம்பி, வானொலி அறிவிப்பாளராக வரும் ஸ்டீபன் சௌ, பெண்களிடம் பொய் சொல்லியே காலம் தள்ளுகிறார். இன்னொரு தம்பியாக நளினமான நடையுடன் வரும் லெஸ்லி சியூங், தமக்கு நேர்மாறான முரட்டுப் பெண்ணொருத்தியுடன் படம் முழுவதும் மல்லுக்கு நிற்கிறார். அலங்காரமே அறியாத மூத்த மருமகளாகச் சாண்ட்ரா இங் நடித்திருப்பதைப் பார்த்துச் சிரிக்கும்போதே, அவ்வீட்டின் அடுப்படிப் பாரம் முழுவதையும் அவள் ஒருத்தியே சுமப்பது நம்மை உறுத்துகிறது. விளையாட்டுத்தனமான படம் என்று இதனை ஒதுக்கிவிடுவோர், அவ்விடத்தை மட்டுமாவது மீண்டும் பார்க்க வேண்டும்.

இப்படங்களின் சிரிப்பு கதையில் பாதியும் ஒலியில் பாதியுமாக இருக்கிறது. ஒலியொற்றுமையைக் கொண்டு நன்மையை அழைப்பதும் தீமையை விலக்குவதும் கண்டோனீஸ் மக்களின் அன்றாட வழக்கம். அவர்கள் மொழியில் நாக்கைக் குறிக்கும் சொல் நட்டத்தைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலிப்பதால், இறைச்சிக் கடையில் பன்றி நாக்குக்கு இலாபத்தை ஒத்து ஒலிக்கும் வேறொரு பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். காலி என்பதற்கான சொல் தீமைக்குரிய சொல்லாகவும் ஒலிப்பதால், வாடகைக்கு விடப்படும் காலி வீட்டை ‘மங்கல வீடு’ என்றே அழைக்கிறார்கள். புத்தாண்டு விருந்தில் உலர்ந்த சிப்பி இடம்பெறுவதற்கும், அதன் பெயர் நல்ல வியாபாரம் என்பதுபோல் காதில் விழுவதே காரணம். மண்டரினில் இச்சொற்களின் ஒலி வேறு. சொல்லின் பொருளை வேறுபடுத்தும் கண்டோனீஸின் ஆறு தொனிகள் அங்கே நான்காகின்றன. இப்படியொரு வழக்கத்தின்மீது எழுப்பிய வசனத்தையும், ‘மோ லெய் தாவ்’ எனப்படும் ஸ்டீபன் சௌவின் தலைகால் புரியாத பேச்சையும் வேறு மொழிக்கு மாற்றினால், கவுண்டமணியும் செந்திலும் வாழைப்பழத்துக்காகச் சண்டையிடும் காட்சியைச் செய்தி வாசிப்பவரின் தமிழில் கேட்பதுபோல் ஆகிவிடும்.

மறுதரப்பின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். சீனப் பள்ளிகளில் பயிற்றுமொழி மண்டரின் என்பதால், ஈப்போவிலேயே இளைய தலைமுறைச் சீனர் பலருக்கு அதுவே எளிது. ஸ்டீபன் சௌவுக்கு மண்டரினில் குரல் கொடுத்த தைவான் கலைஞர் ஷி பான்யூவின் சிரிப்புக்கென்றே தனி இரசிகர் கூட்டம் இருந்தது. அக்குரலைக் குறை கூறுவது என் நோக்கமன்று. சிங்கப்பூரில் 1979-இல் தொடங்கிய ‘மண்டரின் பேசுவோம்’ இயக்கத்தையடுத்து, ஹாங்காங் தொடர்கள் அங்குள்ள தொலைக்காட்சியில் மண்டரின் குரலுக்கு மாறின. அது அந்நாட்டின் கொள்கை முடிவு. நம் நாட்டிலோ, கண்டோனீஸ் ஒலியும் கீழே மலாய் வசன வரிகளுமாக இப்படங்களைப் பார்த்துப் பழகிய இரசிகர்கள் எல்லா இனத்திலும் இருக்கிறார்கள். கண்டோனீஸ் தெரியாத என் மருமகள்கூட அவ்வரிகளைப் படித்துக்கொண்டு எங்களோடு சேர்ந்து சிரித்தவர்தான்.

2019-இல் நம் நாட்டுத் தொலைக்காட்சி முற்றிலும் இலக்கவியலுக்கு மாறிவிட்ட பிறகு, ஒரே படத்துக்கு இரண்டு ஒலித்தடங்களை அனுப்புவது தொழில்நுட்பத்தால் இயலாத காரியமன்று. விரும்புவோர் மண்டரினிலும் மற்றவர்கள் மூல மொழியிலும் கேட்கும்படி, பெருநாள் காலத்திலாவது நிலையங்கள் இவ்வசதியைச் செய்துதர வேண்டும். அது முடியாவிட்டால், மூல ஒலியையே வைத்து மலாய் வசன வரிகளை இடட்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. விடுமுறை நாள் தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பட்டியலை வெளியிடும்போது, படத்தின் பெயரோடு அது எந்த மொழியில் ஒளிபரப்பாகிறது என்பதையும் ஒரு சொல்லில் குறிப்பிட்டால், என் தாயார் போன்றோர் எந்நேரத்தில் அடுப்படியை விட்டு வெளியே வரலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
புந்தோங், ஈப்போ