ஆண்டறிக்கை 2024–25: பின்குழிக் குண்டு பற்றிய ஓராண்டுப் பேச்சும் ஒரு திருத்தமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிக்கவிருப்பதால் நான் நேராக விஷயத்திற்கு வருகிறேன். சென்ற ஆண்டறிக்கையில் பிரிட்டிஷ் படையின் பழைய வெப்லி ரிவால்வரின் ஈயக்குண்டைப் பற்றி எழுதியபோது, அதன் பின்புறம் குடைந்திருப்பது இலக்கில் பட்டதும் குண்டு விரிவதற்காகவே என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அது தவறு. வாசித்து முடிக்கும் முன்பே பீளமேட்டு உறுப்பினர் ஒருவர் எழுந்து, "செயலாளருங்க, மூக்கு எது முதுகு எதுன்னு மாத்தி எழுதிப்போட்டீங்க" என்றார். சபை சிரித்தது, எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தால்தான் இவ்வாண்டின் கூட்டங்கள் பெரும்பாலும் இந்தப் பொருளைச் சுற்றியே நடந்தன.

இலக்கில் விரிவதற்காகக் குடையப்படுவது குண்டின் மூக்கு. பின்புறத்தில் குடைவது குழலுக்குள்ளேயே விரிவதற்காக. இதை விளக்க எங்களுக்குப் படம் எதுவும் தேவைப்படவில்லை. பம்ப் தொழிலில் நாற்பது ஆண்டு இருந்த மூத்த உறுப்பினர் ஒருவர் சைக்கிள் பம்பைப் பிரித்து அதன் தோல் வாஷரை எடுத்து மேசைமேல் வைத்தார். கிண்ணம்போல் குவிந்த அந்த வாஷரின் வாய் அழுத்தம் வரும் பக்கத்தைப் பார்த்திருக்கிறது. அழுத்தம் ஏற ஏற அதன் விளிம்பு விரிந்து உருளைச் சுவரை ஒட்டிக்கொள்வதால் காற்று பின்னால் கசிவதில்லை. பின்குழிக் குண்டும் அதே வேலையைத்தான் செய்கிறது: வெடிமருந்து எரிந்து எழும் வாயு குழிக்குள் புகுந்து மெல்லிய ஈயச் சுவரை வெளியே தள்ள, சுவர் குழலின் வரிப்பள்ளங்களுக்குள், அதாவது குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டிய பள்ளங்களுக்குள், அமர்ந்து வாயுவை அடைத்துவிடுகிறது. வாஷர் திரும்பத் திரும்ப உழைக்கும், குண்டு ஒரே முறைதான், வேறுபாடு அவ்வளவே.

இந்தக் கருத்தின் பிறப்பில் நம் பக்கத்திற்கும் பங்குண்டு என்று ஒரு வரலாறு சொல்லப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரிட்டிஷ் படையின் கேப்டன் ஜான் நார்ட்டன், தென்னிந்தியாவில் ஊதுகுழல் அம்புகளின் அடியில் தாமரைத் தண்டின் நெட்டி பொருத்தப்பட்டிருந்ததையும், ஊதும்போது அது விரிந்து குழலை அடைத்ததையும் கண்டே அடி குழிந்த குண்டை வடிவமைத்தாராம். பின்னர் 1849இல் பிரான்சின் மினியே, குழியில் ஓர் இரும்புக் கிண்ணத்தைச் செருகி அதைக் கொண்டு சுவரை விரியவைத்தார். அந்தக் கிண்ணம் தேவையில்லை, வாயுவே போதும் என்று காட்டியவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் பர்ட்டன். இவையெல்லாம் நீள்துப்பாக்கிக் கதைகள். நமக்கு வேண்டியது ரிவால்வர்.

ரிவால்வரில் இந்தக் குழி ஒரு பொருத்தக் குறைக்கு வைத்தியமாக வந்தது. தொடக்கத் தோட்டாக்களில் குண்டின் உடல் பித்தளைக் கூட்டின் வெளிவிட்டத்திற்குச் சமமாக இருந்தது. அடிப்பகுதி மட்டும் சிறுத்துக் கூட்டுக்குள் நுழைந்தது. குண்டில் தடவிய மசகு வெளியே தெரிந்ததால் பையிலும் பெட்டியிலும் கிடந்து தூசியும் மணலும் ஒட்டின. மசகைக் கூட்டுக்குள் மறைக்க வேண்டுமென்றால் குண்டு முழுவதும் கூட்டுக்குள் அடங்கும் அளவுக்கு மெலிய வேண்டும். 41 லாங் கோல்ட் தோட்டாவில் அப்படி மெலிந்த குண்டின் விட்டம் ஏறத்தாழ 0.386 அங்குலம், குழலின் பள்ள விட்டமோ (வரிப்பள்ளங்களின் அடிவரை அளந்த விட்டம்) 0.401 அங்குலத்தை ஒட்டியே நின்றுவிட்டது. கால் மில்லிமீட்டருக்கும் மேலான அந்த இடைவெளியை நிரப்பத்தான் குண்டின் பின்புறத்தை ஆழமாகக் குடைந்தார்கள். செருப்பு பெரிதாகிவிட்டதென்று காலை வீங்கவைப்பதற்கு ஒப்பான வேலை என்பது என் கருத்து. ஆனால் குழலை மாற்றுவதைவிட அது மலிவு.

வெப்லியின் கதை சற்று வேறு. 455 தோட்டாவின் குண்டு 265 கிரெயின், அதாவது சுமார் 17 கிராம். வேகம் நொடிக்கு ஏறத்தாழ 600 அடிதான். அந்தத் துப்பாக்கிகள் பலவற்றில், தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டரின் அறை முன்வாய் குழலின் பள்ள விட்டத்தைவிடக் குறுகல். குண்டு முதலில் அந்த வாயில் நசுங்கிச் சிறுத்து, இடைவெளியைத் தாண்டிக் குழலுக்குள் போனபின் மீண்டும் பருக்க வேண்டும். மென்மையான ஈயமும் பின்குழியும் சேர்ந்தால்தான் அது நடக்கும். தட்டையான அடியுள்ள கெட்டிக் குண்டு அங்கே தளர்ந்து ஓடும். வாயு பக்கவாட்டில் பீறிட்டு ஈயத்தை உருக்கிக் குழலில் அப்பிவிடும்.

செயல்திறனைப் பொறுத்தவரை, பின்குழி தன் உச்சத்தைத் தொட்டது 38 ஸ்பெஷல் தோட்டாவின் வாட்கட்டர் என்னும் போட்டிக் குண்டில்தான். தட்டை மூக்கும் 148 கிரெயின் எடையும் கொண்ட அந்த மென்குண்டு காகித இலக்கில் பஞ்ச் அடித்தாற்போல் வட்டமாகத் துளையிடும். பின்புறம் குடைந்திருப்பதால் எடை முன்னால் சாய்ந்து பறத்தலும் அமைதிப்படும். ஆனால் இது குறைந்த அழுத்தத்திற்கென்றே பிறந்தது. அழுத்தம் மிகுந்தால் மெல்லிய சுவர் கிழிந்து வளையமாகக் குழலிலேயே தங்கிவிடும். அடுத்த குண்டு அதில் மோதினால் என்னவாகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

வார்ப்பு பற்றிய கூட்டத்தில்தான் அதிக நேரம் பேசினோம். பவுண்டரிக்காரர்கள் நிறைந்த சங்கத்தில் வேறெப்படி இருக்கும்? படைக்கலச் சட்டம் 1959இன்படி உரிமமின்றித் தோட்டாவோ அதன் பாகமோ செய்வது குற்றம் என்பதால், சங்கம் எதையும் வார்க்கவில்லை. பத்து மடங்கு பெரிதாக்கிய மெழுகு மாதிரி ஒன்றை நெடுக வெட்டிவைத்தே பேசினோம். அச்சுக்குள் நின்று பின்குழியை உண்டாக்கும் ஊசிதான் இங்கே கோர், அதாவது உள்ளச்சு. அது குளிர்ந்திருந்தால் ஈயம் சுவரை நிரப்பாமல் உறையும். மையம் விலகினால், நம் உறுப்பினர்கள் கோர் ஷிஃப்ட் என்று திட்டும் அதே குறையால், சுவர் ஒருபக்கம் தடித்து மறுபக்கம் மெலியும். குழல்வாயை விட்டுக் கடைசியாக வெளியேறுவது குண்டின் அடி. அங்கே சமமின்மை இருந்தால் வாயு ஒருபக்கமாகத் தள்ளிக் குண்டைக் கோணலாக்கும். தொழிற்சாலைகள் வாட்கட்டரை வார்க்காமல் குளிர்ந்த ஈயத்தை அழுத்தியே வடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

உலோகக் கலவையிலும் ஒரு முரண் உண்டு. உலோகத்தின் கடினத்தை அளக்கும் பிரினெல் அளவில் சுத்த ஈயம் சுமார் 5; பழைய அச்சகங்களின் லைனோடைப் உலோகம், அதாவது 4 விழுக்காடு வெள்ளீயமும் 12 விழுக்காடு ஆன்டிமனியும் சேர்ந்தது, 22ஐ எட்டும். அச்சை அது அழகாக நிரப்பும்; ஆனால் குறைந்த அழுத்தத்தில் அதன் சுவர் விரியவே விரியாது. விரியாத பின்குழி வெறும் ஓட்டைதான். எனவே சிலிண்டர் வாயும் குழலும் ஒழுங்காகப் பொருந்தும் துப்பாக்கிக்கு அளவான தட்டையடிக் குண்டே போதுமென்றும், பின்குழிக்கான தேவை பழைய அகன்ற குழல்களிலும் மென்வேகப் போட்டிக் குண்டுகளிலும் மட்டுமே மிஞ்சுகிறதென்றும் கூட்டத்தில் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டனர். ஈரோட்டு உறுப்பினர் இருவர் இன்னும் ஒப்பவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

என் தவறுக்குச் சிறு ஆறுதல் ஒன்று கிடைத்தது. 1898இல் வந்த 455 மார்க் 3 குண்டுக்கு இரு முனையிலும் குழி இருந்தது: பின்குழி குழலை அடைக்க, முன்குழி உடலில் விரிய. விரியும் குண்டுகளைத் தடுத்த 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனத்தை ஒட்டி அது படையிலிருந்து விலக்கப்பட்டது. நான் படித்த குறிப்பு அந்தக் குண்டைப் பற்றியது. எழுதியதோ பின்குழி மட்டும் உள்ள குண்டைப் பற்றி. ஆகவே சென்ற ஆண்டறிக்கையின் அந்த வரியை நீக்கி, "குழலை அடைப்பதற்காக" என்று நடவடிக்கைப் புத்தகத்தில் திருத்தம் எழுதவும், மெழுகு மாதிரியையும் அந்தத் தோல் வாஷரையும் சங்க அலமாரியில் அருகருகே வைக்கவும் சபையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்