சாவடித் திருப்பணி நிறைவு அறிக்கை

கோயில் உறுப்பினர்களுக்கும் ஊராருக்கும் வணக்கம்.

மாரியம்மன் கோயிலுக்கு மேற்கே, சப்பரமும் பந்தல் மூங்கிலும் அடைந்து கிடந்த பழைய சாவடி இப்போது வாரம் ஒருநாள் சுகரும் பிரஷரும் பார்க்கிற இடமாகிவிட்டது. கோயில் பணத்தை இதில் போடலாமா என்று மூன்று கூட்டம் சண்டை போட்டோம். அம்மைக்கு வேப்பிலை கட்டி நேர்ந்துகொள்கிற சந்நிதியில் இதற்கு இடமில்லை என்றால் எப்படி என்று ஒரு பாட்டி கேட்டதோடு அந்தப் பேச்சு நின்றது.

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் நம் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கம் ஆஸ்பத்திரியே இல்லை என்று சொன்னால் அது பொய். 2017இல் கேரள அரசு தொடங்கிய ஆர்த்ரம் என்ற சுகாதாரத் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப ஆரோக்கிய மையங்களாகி, மாலையிலும் ஓ.பி. வந்தது. ஆனால் கள் இறக்குகிறவர் காலையிலும் மாலையிலும் மரத்தில் இருக்கிறார். கூலிக்குப் போகிற பெண் ஒரு மாத்திரை அட்டைக்காக ஒருநாள் சம்பளத்தை விடவேண்டும். போனாலும் போர்டு மலையாளத்தில் இருக்கிறது. பேசினால் புரிகிறது, படிக்கத்தான் வராது. இப்படியே மருந்தை நடுவில் நிறுத்தியவர்கள் நம் தெருவிலேயே உண்டு.

பஞ்சாயத்துக்கு மனுவைத் தமிழிலேயே எழுதினோம். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழரும் கன்னடரும் அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியில் எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. நம்மில் பலருக்கு இது தெரியாது. அப்புறம் வேலை வேகமாக நடந்தது. இடமும் கட்டடமும் நம்முடையவை, மருந்தும் நர்ஸும் சப் சென்டருடையவை (அரசின் துணை சுகாதார நிலையம்), வீடு வீடாகச் சொல்வது ஆஷா என்கிற சுகாதாரப் பணியாளரும் குடும்பஸ்ரீ அயல்கூட்டம் என்கிற பெண்கள் குழுவும் என்று பிரித்துக்கொண்டோம். நேரத்தைப் பகல் 11 முதல் 2 வரை வைத்தது மரமேறிகள் கேட்டதால்.

கட்டட வேலையில் ஓடு மாற்றியது, சுண்ணாம்பு அடித்தது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சொல்லவேண்டியது சரிவுப் பாதையைத்தான். திண்ணை 2 அடி உயரம். முதலில் எடுத்த ஒப்பந்தக்காரர் 10 அடியில் ஒரு சரிவைக் கட்டிவிட்டுப் போய்விட்டார். சக்கர நாற்காலியில் ஒரு தாத்தாவை உட்காரவைத்துத் தள்ளிப் பார்த்தோம். பாதியில் நாற்காலி பின்னால் உருள, இரண்டு பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். ஓரடி உயரத்துக்குப் 12 அடி நீளம் வேண்டும் என்பதுதான் கணக்கு. அப்படியானால் 24 அடி. முற்றத்தில் நேராக அவ்வளவு இடம் இல்லை. இடித்துவிட்டு, வேப்பமரத்தைச் சுற்றித் திருப்பி, திரும்புகிற இடத்தில் ஒரு சமதளம் விட்டு மறுபடி கட்டினோம். இடித்த செலவு வீண்தான். அதைக் கணக்கில் தனி வரியாகவே காட்டியிருக்கிறோம்.

கழிவறை வேண்டும் என்று பெண்கள் கேட்டபோது முதலில் ‘பார்க்கலாம்’ என்று தள்ளிவிட்டோம். அது எங்கள் தப்பு. சிறுநீர்ப் பரிசோதனைக்கு வருகிறவர் எங்கே போவார் என்று நர்ஸ் கேட்டபிறகுதான் கட்டினோம்.

புதிய போர்வெல் யோசனையைக் கைவிட்டோம். நம் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு உண்டு. பிள்ளைகள் பல்லில் பழுப்புக் கறையைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டாம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கக் கூடாது. காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டி இன்னும் கூடத்தான் செய்யும். அதனால் பஞ்சாயத்துக் குழாய் இணைப்பு வாங்கினோம்.

மருந்து உறையில் காலைக்குச் சூரியனும் ராத்திரிக்கு நிலாவும் வரைந்து கொடுப்பது அயல்கூட்டப் பெண்களின் யோசனை. மத்தியானத்துக்கு என்ன வரைவது என்று குழம்பி, கடைசியில் சோற்றுத் தட்டு வரைந்தார்கள்.

வரவு செலவு முழுவதும் சாவடிச் சுவரில் தமிழில் ஒட்டியிருக்கிறது, ரசீதுகள் பொருளாளரிடம். பாக்கி இரண்டு: ஒரு மின்விசிறி, சரிவுப் பாதைக்கு ஒருபக்கக் கைப்பிடி. சப்பரத்தை இப்போதைக்குத் தென்னந்தோப்புக் கொட்டகையில் வைத்திருக்கிறோம். திருவிழாவுக்குள் அதற்கு ஒரு கூரை போடவேண்டும். சாவடிச் சாவி பூக்கடை அக்காவிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு