பேண்டு வாசிச்ச மார்ச் ஸ்லாவ்

டேய் மாப்ள,

உன் லெட்டர் வந்து ரொம்ப நாளாச்சு, பதில் போடலன்னு கோவப்படாத. இந்த டெர்ம் பூரா வீட்ல ஒரே பாட்டுதான், பொண்ணு ஸ்கூல் சிம்பொனிக் பேண்டுல, அதான் வயலின் கூட்டம் இல்லாம ஊதற வாத்தியமும் ட்ரம்ஸும் சேர்ந்தது, ரஷ்யாக்காரர் சைக்கோவ்ஸ்கியோட மார்ச் ஸ்லாவ் எடுத்துட்டாங்க, அவ தேர்ட் கிளாரினெட், காலையில எந்திரிச்சா வேகமா ஓடற அதே ஸ்வர வரிசை, அதே ரன், ராத்திரி படுக்கப் போறப்பவும் அதே ரன். இப்பதான் கான்சர்ட் முடிஞ்சு வீடு கொஞ்சம் அமைதியா இருக்கு.

ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதினத பேண்டுக்கு மாத்தினா பாதி உயிர் போயிடும்னு எழுதியிருந்தியே, அதுக்குத்தான் இந்த லெட்டரே. இந்தப் பாட்டு விஷயத்துல உன் பேச்ச ஒத்துக்க மாட்டேன்டா. முதல்ல சுருதியப் பாரு. பி ஃப்ளாட் மைனர், அஞ்சு ஃப்ளாட், அதாவது அஞ்சு ஸ்வரத்த அரை ஸ்வரம் இறக்கி வாசிக்கணும். வயலின்காரங்களுக்கு அது தலைவலி, ஓப்பன் ஸ்ட்ரிங்கோட துணை அவ்வளவா கிடைக்காது. ஆனா நம்ம கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் பி ஃப்ளாட் வாத்தியம், பேப்பர்ல சின்னு இருந்தா பி ஃப்ளாட்டாத்தான் கேக்கும், அதனால அவங்க பேப்பர்ல அது வெறும் சி மைனர், மூணே ஃப்ளாட். ஆல்ட்டோ சாக்ஸுக்கு இன்னும் சுகம், ஜி மைனர், ரெண்டே ஃப்ளாட். பேண்டுக்குன்னே சொல்லி வச்ச மாதிரி ஒரு சுருதி! பாவம் ஃப்ரெஞ்சு ஹார்னுக்குத்தான் நாலு ஃப்ளாட், அவங்க எப்பவும் பாவம்தான்.

அப்புறம் அந்த ஆரம்பம். சாவு ஊர்வல நடையிலன்னு அவரே மேல எழுதி வச்சிருக்கார், ஒரிஜினல்ல பஸூன்ங்கற கட்டக்குரல் மரவாத்தியமும் வயலினுக்கு அண்ணன் மாதிரி இருக்கற வயோலாவும் சேர்ந்து கீழ இருந்து அந்த செர்பிய நாட்டுப்பாட்ட எடுக்கும். பொண்ணு ஸ்கூல்ல பஸூன் கிடையாது. அதனாலென்ன, பேண்டுக்கு எழுதறவங்களுக்கு ஸ்கூல் நிலைமை தெரியும், பஸூன், ஓபோ வாசிக்க வேண்டியத சின்ன எழுத்துல வேற வாத்தியத்தோட பேப்பர்லயும் போட்டு வச்சுருவாங்க, ஆள் இல்லன்னா அவங்க எடுத்துக்கணும். இங்க பாஸ் கிளாரினெட்டும் டெனர் சாக்ஸும் எடுத்துச்சு. அந்தக் கட்டக் குரல்ல கேட்டப்ப வயோலா ஞாபகமே வரல, சத்தியமா.

எங்க உதைக்கும்னா மூச்சுல. வில்ல திருப்பிப் போட்டு இழுத்துக்கிட்டே இருக்கலாம், வயலினுக்கு நிறுத்தணும்னு அவசியம் இல்ல. ஊதற பசங்களுக்கு மூச்சு வேணும்ல, அதுவும் இந்த மெதுவான ட்யூன் முடியவே முடியாது, இழுத்துக்கிட்டே போகும், எல்லாரும் ஒரே இடத்துல மூச்சு எடுத்தா நடுவுல பள்ளம் விழுந்துரும். அதுக்கு அவங்க மாஸ்டர் ரெண்டே ரூல் போட்டாராம்: தாளத்தப் பிரிக்கற பார் கோட்டுல மூச்சு எடுக்கக் கூடாது, பக்கத்துல இருக்கறவ எடுக்கறப்ப எடுக்கக் கூடாது. பொண்ணோட பேப்பர எடுத்துப் பாத்தேன், பென்சில்ல குட்டி குட்டியா கமா போட்டு, அழிச்சு, தள்ளிப் போட்டு, மறுபடி அழிச்சு, ஒரு இடத்துல பேப்பரே தேஞ்சு போச்சு. மேடையில பக்கத்துல இருந்து பாத்தா ஒரு தோள் ஏறும், அது இறங்கறப்ப அடுத்த தோள் ஏறும், சத்தம் மட்டும் அறுபடாம போய்க்கிட்டே இருக்கும். நல்ல ஆர்கெஸ்ட்ராவுல இது தானா கிடைச்சுரும், அதனாலயே நாம கவனிக்கறது இல்ல. சின்னப் பசங்க இத்தன பேர் ஒருத்தர ஒருத்தர் பாத்து மூச்சு விட்டு அதக் கொண்டு வர்றது இருக்கே, எனக்கு அதுதான்டா பெருசா பட்டுச்சு, அதத்தான் நீ கேட்டிருக்கணும்.

எல்லாமே நல்லா வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். ஸ்ட்ரிங்ஸ் மேலயும் கீழயும் ஓடற இடம் கிளாரினெட்டுக்கு வந்தா நடுவுல அந்த பிரேக்க தாண்டணும், எல்லா விரலையும் ஒரே நேரத்துல மூடி, மேல் ஸ்தாயிக்குத் தூக்கிவிடற ரெஜிஸ்டர் கீய அமுக்கற இடம் இருக்குல்ல, அங்க பாதி பேர் வழுக்கினாங்க. கடைசியில மேஜருக்கு மாறி வேகம் எடுத்ததும் பித்தளைக்காரங்களுக்கு குஷி தாங்கல, சிம்பல்காரனும் சேர்ந்துக்கிட்டான், மரவாத்தியம் எல்லாம் ஊதற மாதிரி நடிச்சிருந்தாலும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஜனங்க என்னவோ அதுக்குத்தான் எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க, அது வேற விஷயம்.

ப்ராக்டிஸ் நடுவுல ஒரு நாள் பொண்ணு கேட்டா, அப்பா இது சண்டைக்குப் போறவங்க பாட்டா செத்தவங்க பாட்டான்னு. நல்ல கேள்விதான? 1876-ல செர்பியாவும் ஓட்டோமான் துருக்கியும் சண்டை போட்டப்ப காயம்பட்ட செர்பியர்களுக்கு காசு சேக்க மாஸ்கோவுல நடந்த கச்சேரிக்கு எழுதினது, நிகோலாய் ரூபின்ஸ்டைன்தான் கண்டக்ட் பண்ணார்னு சொன்னேன். ரஷ்யாவுல அப்ப எல்லாரும் செர்பியா பக்கம்தான், அதான் உள்ள ஜார் மன்னரோட கீதமும் வருது, பின்னாடி சோவியத் காலத்துல அது ஆகாதுன்னு அந்த இடத்துல இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளர் கிளிங்காவோட ட்யூன சொருகிட்டாங்க. அழுகையும் இருக்கு, உசுப்பேத்தறதும் இருக்கு, ரெண்டையும் பிரிக்க முடியாதுன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, அப்ப முதல் பாதிய இன்னும் மெதுவா வாசிக்கணும்ல, எங்க ட்ரம்ஸ் பசங்க துரத்தறாங்கன்னா. எனக்குத் தோணினதும் அதேதான். மார்ச்னு பேர் இருந்தாலே பசங்க கால் தானா வேகம் எடுக்குது, இதுல அந்தக் கனத்தோட நடக்கணும். கான்சர்ட் அன்னிக்கும் கொஞ்சம் ஓடத்தான் செஞ்சாங்க.

சரி உன் கதைக்கு வர்றேன். ரிட்டயர் ஆயிட்ட, யூஃபோனியத்த, உன்னோட அந்த சின்ன ட்யூபா மாதிரி பித்தளை வாத்தியத்த, தூசி தட்டலாமான்னு கேட்டிருக்க. தட்டுடா, இதுல என்ன யோசனை. ஆனா எடுத்த உடனே வால்வ அமுக்காத, இத்தன வருஷம் சும்மா கெடந்தது ஒட்டிக்கிட்டு இருக்கும், முதல்ல எண்ணெய் விட்டு வெதுவெதுன்னு தண்ணியில கழுவு. உதடு பழைய மாதிரி நிக்கணும்னா ஒரே ஸ்வரத்த நீட்டி ஊதற லாங் டோன்ல ஆரம்பி, நேரா ஹை நோட்டுக்குப் போயி உதட்டப் புண்ணாக்கிக்காத, உன்னப் பத்தி எனக்குத் தெரியும். இந்த மார்ச்சுல செல்லோ வேலைல பாதி யூஃபோனியத்துக்குத்தான் வருது, பொண்ணுகிட்ட சொல்லி அந்த பார்ட்ட வாங்கி வைக்கறேன், வாசிச்சுப் பாத்துட்டு அப்புறம் சண்டைக்கு வா.

அடுத்த டெர்ம் ராடெட்ஸ்கி மார்ச் போடலாம்னு பேச்சு அடிபடுது, வியன்னாவுல புது வருஷக் கச்சேரி முடிவுல ஆடியன்ஸ் கை தட்டுவாங்களே, மூத்த ஸ்ட்ராஸ் 1848-ல எழுதினது, அது. வர்றதுன்னா முன்னாடியே சொல்லு, நடு வரிசையில சீட் பிடிச்சு வைக்கறேன், முன்னாடி உக்காந்தா ட்ராம்போன் நேரா காதுக்குள்ள இறங்குது.

வீட்ல எல்லாரையும் கேட்டதா சொல்லு.

உன் பழைய ஸ்டாண்ட் பார்ட்னர்