மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், பேனல் டிரான்ஸ்ஃபார்மர் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வால்வில் (பழைய ரேடியோக்களில் இருந்ததுபோன்ற வெற்றிடக் குழாயில்) ஓடி, உயர் மின்னழுத்தப் பொறி பறக்கவிடும் சிறு டெஸ்லா சுருளுக்கான செய்முறைகள் எத்தனை சுற்று, எந்தக் கம்பி என்று விரிவாகச் சொல்கின்றன. மின்சாரம் எங்கிருந்து எடுப்பது என்று வரும்போது மட்டும் ‘பழைய மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மர்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. உயிருக்கும் வால்வுக்கும் ஆபத்து அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

தேர்வை வால்விலிருந்து தொடங்க வேண்டும். மாணவர்கள் அதிகம் நாடும் 811ஏ வால்வுக்குத் தொடர் ஓட்டத்தில் தட்டு (வால்வின் நேர்மின்முனை) மின்னழுத்த வரம்பு 1,250 வோல்ட். தட்டு தாங்கும் வெப்பம் 45 வாட். மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மர் ஏறத்தாழ 2,100 வோல்ட் தருகிறது, அதன் உச்சம் 2,970. அதிலும் வால்வு ஓடுவது உண்டு. ஆனால் அந்த டிரான்ஸ்ஃபார்மர் அரை ஆம்பியர் வரை தடையில்லாமல் தரும். கை பட்டால் விடாது. அதே டிரான்ஸ்ஃபார்மரால் மரப்பலகையில் மின்கோலம் கருக்கிய பலர் அமெரிக்காவில் இறந்திருக்கிறார்கள். நியான் விளக்கு டிரான்ஸ்ஃபார்மரோ நேர் எதிர்: 15,000 வோல்ட், 30 மில்லி ஆம்பியர். வால்வுக்கு வேண்டியது ஆயிரம் சொச்சம் வோல்ட்டில் 100 மில்லி ஆம்பியருக்கு மேல். மின்னழுத்தம் மிக அதிகம், மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் அது உதவாது. பழைய டிவியின் உயர் மின்னழுத்த டிரான்ஸ்ஃபார்மரான ஃப்ளைபேக்கும் இதே காரணத்தால் உதவாது.

மோட்டார் பேனல்களில் இருக்கும் 415/230 கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மரே போதும். 250 விஏ (வோல்ட்-ஆம்பியர்) திறனுள்ளதை எடுத்து, 230 பக்கத்தில் மின்சாரம் கொடுத்தால் மறுபக்கம் 415-ஐ ஒட்டி வரும். தலைகீழாக ஓட்டுவதால் சில வோல்ட் குறையும், அது நல்லதுதான். அந்த 415 பக்கத்தின் ஒரு முனையை எர்த் செய்யுங்கள். மறுமுனையைத் தொடராக 10 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் ஏசி கண்டென்சர் வழியாக வெளியே எடுங்கள். அந்த வெளிமுனைக்கும் எர்த்துக்கும் நடுவே, ஒரு திசையில் மட்டும் மின்சாரம் விடும் டயோடு. பட்டைக் கோடுள்ள முனை கண்டென்சர் பக்கம். இப்போது மின்னழுத்தம் பூஜ்யத்துக்கும் 1,170-க்கும் இடையே ஏறி இறங்கும். டயோடு அந்த முழு 1,170-ஐயும் எதிர்த்திசையில் தாங்க வேண்டும் என்பதால் 1,000 வோல்ட் தாங்கும் 1என்5408 டயோடு ஒன்று போதாது, தொடராக இரண்டு வேண்டும்.

இன்னொரு லாபமும் உண்டு. கண்டென்சர் இல்லாமல் நேரடியாக இணைத்தால், வால்வு ஒரு பாதியலையில் மட்டும் மின்சாரம் இழுக்கும்; டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு கோர் ஒரு பக்கமாகக் காந்தமேறிச் சூடாகும். தொடர் கண்டென்சர் வழியே நேர்மின்சாரம் போகாது என்பதால் இந்தத் தொல்லை தீர்கிறது.

இந்தத் தொடர் கண்டென்சரைப் பம்புசெட் பெட்டியிலிருந்து எடுப்பதானால், அதில் இரண்டு கண்டென்சர் இருக்கும்; எடுக்க வேண்டியது ‘ரன்’ கண்டென்சரை. ‘ஸ்டார்ட்’ கண்டென்சர் சில விநாடிகள் ஓடுவதற்கே செய்யப்பட்டது, இங்கே போட்டால் வெடிக்கும். கண்டென்சரின் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராக வையுங்கள். அணைத்த அரை நிமிடத்தில் அது காலியாகும். நம் ஊரில் மின்னழுத்தம் இரவில் 250-ஐத் தொட்டால் மேலே சொன்ன 1,170 என்பது 1,270 ஆகிவிடும். டிரான்ஸ்ஃபார்மரில் 380 வோல்ட் டேப் (இடை இணைப்பு முனை) இருந்தால் 415-ஐ விட்டு அதையே எடுப்பது நல்லது.

வடிகட்டிக் கண்டென்சர் போட்டுச் சுத்தமான டிசி ஆக்கப் பலருக்கு ஆசை. வேண்டாம். வால்வுக்கு ஓய்வே இருக்காது, தட்டு சிவக்கும், பொறியும் குட்டையாகும். சுருளுக்குள் போகும் முனையிலிருந்து எர்த்துக்கு 2.2 நானோஃபாரட், 3 கிலோவோல்ட் கண்டென்சர் ஒன்று மட்டும் கட்டாயம். இல்லையென்றால் உயர் அதிர்வெண் டிரான்ஸ்ஃபார்மருக்குள் நுழைந்து இன்சுலேஷனைத் தின்றுவிடும்.

வால்வுக்குள் சூடாகி எரியும் இழையான ஃபிலமென்ட்டுக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர்: 6.3 வோல்ட், 4 ஆம்பியர். இதை டிம்மர்ஸ்டாட்டுக்கு (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவிக்கு) பின்னால் மாட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. தட்டு மின்னழுத்தத்தைக் குறைக்கும்போது ஃபிலமென்ட்டும் மங்கிக் கெடும். ஒரு மீட்டர் தூரத்துக்கு 0.5 சதுர மி.மீ. வயர் போட்டால் போகவர 0.3 வோல்ட் அதிலேயே போய்விடும். 2.5 சதுர மி.மீ. போட்டு, வால்வு சாக்கெட்டிலேயே அளந்து பாருங்கள். 6.0-க்குக் கீழோ 6.6-க்கு மேலோ இருக்கக் கூடாது. ஃபிலமென்ட் எரிந்த பிறகே தட்டுக்கு மின்சாரம்.

டிம்மர்ஸ்டாட் மின்சாரத்தைத் தனிமைப்படுத்தாது. வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதே என்ற தைரியமும் இங்கே செல்லாது: டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்பால் உடல் வழியாகப் பாயும் மின்சாரம் அதே சுற்றுக்குத் திரும்புவதால், ஆர்சிசிபி கண்ணுக்கு எந்தக் கசிவும் படாது, ட்ரிப் ஆகாது. 230 பக்கத்தில் 2 ஆம்பியர் மெதுவாக உருகும் ஃபியூஸ், தட்டு வயரில் அரை ஆம்பியர் ஃபியூஸ், கைக்கெட்டும் தூரத்தில் இரு துருவ ஸ்விட்ச். அடுத்த முறை செய்முறை வெளியிடும்போது இந்த மூன்றையும் படத்திலேயே வரைந்து காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எலக்ட்ரானிக்ஸ் பயிற்றுநர் ஒருவர்,
கோவை